துரை கொடுத்த நாற்காலி

எங்கள் குடும்பத்துக்கு என்று ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் யாரும் உட்காருவதில்லை. ஒரு நாற்காலிக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது என்பது பெரியப்பாவின் கட்சி.

கறுத்த ஈட்டி மரம். இரண்டு கைப்பிடிகளின் முனையிலும் சிங்க முகம். பரீட்சைக்கோ நேர்முகத் தேர்வுக்கோ போகிற ஆண்பிள்ளைகள் வலது பக்கச் சிங்கத்தின் மூக்கைத் தொட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். நானும் எல்லா செமஸ்டருக்கும் தொட்டேன். என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் சிங்கத்துக்கு மூக்கு தேய்ந்ததுதான் மிச்சம். இருக்கை மட்டும் சாதாரண நாற்காலி போல இல்லாமல் பெட்டி மாதிரி கனமாக, உயரமாக இருக்கும். "துரைமாருக்கு உடம்பு அப்படி. அந்தக் கனத்துக்கு ஏத்த மாதிரி செஞ்சிருக்கான்" என்று பெரியப்பா விளக்குவார்.

ஹாலின் நடுச்சுவரை ஒட்டி நாலு அங்குல உயரத்தில் சிமென்ட் மேடை போட்டு, அதன்மேல் நாற்காலியை வைத்திருந்தார். யாராவது விருந்தாளி மறந்துபோய் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே திரைச்சீலைக் கயிறு ஒன்றைக் கட்டியிருந்தார். அந்த ஹாலில் மற்றவர்கள் உட்கார இருந்தவை மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் ஒன்றுக்குக் கால் விரிசல்.

நாற்காலிக்கு வரலாறும் உண்டு. பதினோரு பக்கம். பெரியப்பா பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் ஏறாதது நடக்கவே இல்லை, ஏறியது நடக்காமல் இருந்திருக்க முடியாது என்று முப்பத்து மூன்று வருஷம் நம்பிச் சம்பளம் வாங்கியவர். அவர் சொல்லச் சொல்ல நான் கணினியில் அடித்தேன். பெரியப்பாவின் தாத்தா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, ஒரு பெரிய துரையிடம் இருபது வருஷம் 'அந்தரங்க அலுவலர்' வேலை பார்த்தார். துரை ஊருக்குக் கப்பல் ஏறும் நாளில், "இருபது வருஷமா என் முன்னால நின்னே. இனிமே உட்காரு" என்று தன் சொந்த நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஏழாம் பக்கத்தில் துரையின் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரும். அந்தச் சொட்டு என்னுடையது. பத்தி கொஞ்சம் வறட்சியாக இருந்தது, சேர்த்தேன். பெரியப்பா படித்துவிட்டு, "ஆமா, தாத்தா இதைச் சொல்லியிருக்கார்" என்றார்.

பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. கல்லூரிக்கு இந்த வீட்டிலிருந்து போய்வருவது சுலபம் என்று என்னை இங்கே விட்டிருந்தார்கள். மாடியில் தனி அறை, வேளாவேளைக்குச் சாப்பாடு. "எனக்கப்புறம் நாற்காலி உனக்குத்தான்" என்று மாதம் ஒரு தடவை அவர் சொல்வார். நான் அடக்கமாகத் தலையாட்டுவேன்.

அந்த நாற்காலியை நாற்பத்தோரு வருஷம் துடைத்தவர் பெரியம்மா. சனிக்கிழமை காலை பழந்துணி, எண்ணெய்க் கிண்ணம். சிங்கத்தின் பல்லிடுக்கில் போகிற தூசியை ஊக்கால் நோண்டி எடுப்பார். "எனக்குப் பல்லு வலின்னா நாலு நாள் கழிச்சுத்தான் டாக்டர். இதுக்கு வாராவாரம்" என்பார். பெரியப்பா சிரிக்க மாட்டார். நாற்காலி விஷயத்தில் அவருக்கு நகைச்சுவை கிடையாது.

ஒரு சனிக்கிழமை, துடைத்து முடித்துவிட்டுப் பின்பக்கமாகவே இறங்கும்போது பெரியம்மாவின் கால் மேடை விளிம்பில் வழுக்கியது. பாதத்தில் எண்ணெய். சத்தம் கேட்டு நான் மாடியிலிருந்து ஓடி வந்தேன். பெரியப்பா வாசலிலிருந்து வந்தார்.

"என்ன சத்தம்? எதுல மோதினே?"

தரையில் கிடந்தபடியே பெரியம்மா சொன்னார்: "நாற்காலிக்கு ஒண்ணும் ஆகலை. பயப்படாதீங்க."

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அறுவை செய்து தகடு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற செவ்வாய்க்கிழமையன்று டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். மாடி ஏறக் கூடாது. தரையில் குந்தவே கூடாது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கலாம், அதனால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கமோடு நாற்காலி வாங்கிப் போட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டுக் கழிப்பறை சமையலறையைத் தாண்டி, இரண்டு படி இறங்கி, பின்கட்டில் இருந்தது. குந்தி உட்காருகிற வகை. பெரியம்மாவின் அறை மாடியில். ஆகவே ஹாலில் கட்டில் போட்டோம். கட்டிலுக்கும் நாற்காலி மேடைக்கும் நடுவே ஐந்தடி இருந்தது.

சிக்கல் அங்கேதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மரபுப் பொருள் பாதுகாப்புச் சங்கத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. ஊர் முழுக்கப் பழைய பொருள்களைத் தேடி அவர்கள் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். பெரியப்பா பதினோரு பக்கத்தையும் தபாலில் அனுப்பி, நாலு தடவை போன் செய்து, வரவழைத்திருந்தார்.

"கமோடு சேர் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துடும். கடைக்காரன்கிட்ட சொல்லிட்டேன்" என்றார் பெரியப்பா.

"இன்னிக்கு செவ்வாய்" என்றார் பெரியம்மா.

"தாத்தா நாற்காலி பக்கத்துல அதைப் போட்டு வெச்சா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? அஞ்சு நாள் பொறுத்துக்கோயேன்."

"நான் பொறுத்துக்குவேன். அது பொறுக்கணுமே."

பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்காவை ஏற்பாடு செய்திருந்தோம். காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் வந்து, பாத்திரம் வைத்து எடுத்து, துடைத்து, உடை மாற்றிவிட்டுப் போவார். நடுவே பதினோரு மணி நேரம் வீட்டில் இருந்தது, செமஸ்டர் விடுமுறையில் இருந்த நானும் பெரியப்பாவும். எங்களிடம் பெரியம்மா இதற்கெல்லாம் கேட்க மாட்டார். செத்தாலும் கேட்க மாட்டேன் என்று அவரே சொன்னார். ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

ஒரேயடியாக இல்லை. காலையில் மாத்திரைக்கு அரை டம்ளர், சாயங்காலம் அக்கா வருவதற்கு முன்னால் கால் டம்ளர். காபி கிடையாது. மோர் கிடையாது. சோற்றில் குழம்பைக்கூடப் பிழிந்து ஒதுக்கினார். நான் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுபோய் வைத்தால், "அதை அந்தப் பக்கம் தள்ளி வைடா. பாத்தாலே ஆசை வருது" என்பார்.

"என்ன பெரியம்மா இது? உடம்புக்கு ஆகுமா?"

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டா. யாரையும் கூப்பிடாம, நானே எழுந்து, நானே உக்காந்து, நானே வரணும். ஒரு மனுஷி கேக்கறதுல இதைவிடக் கம்மியா என்ன இருக்கு, சொல்லு."

ஞாயிறுக்கு இன்னும் நாலு நாள்தான் என்றேன்.

சனிக்கிழமை போன் வந்தது. சங்கத்துச் செயலாளருக்கு வேறு வேலை வந்துவிட்டதாம். அடுத்த ஞாயிறு வருகிறார்களாம். பெரியப்பா உடனே இன்னொரு போன் செய்தார். கமோடு நாற்காலிக் கடைக்கு. அடுத்த ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்தால் போதும் என்றார். திட்டமிட்டு வேலை செய்கிற மனிதர்.

கிடைத்த ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம் என்று நாற்காலிக்குப் பாலிஷ் போடத் தச்சரைக் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை காலை அவர் வந்தார். காதில் பென்சில், கையில் ஒரு சாக்குப்பை. வந்தவர் நாற்காலியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பெரியப்பா பதினோரு பக்கத்தையும் ஏறக்குறைய மனப்பாடமாகச் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகத் தலையை ஆட்டினார். பிறகு கயிற்றை அவிழ்த்து, நாற்காலியைக் கீழே இறக்கி, ஒரே திருப்பில் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"மெதுவா, மெதுவா" என்றார் பெரியப்பா.

தச்சர் டார்ச் அடித்துப் பார்த்தார். "சார், இங்க ரெண்டு பக்கமும் ஒரு தடம் போகுது பாருங்க. உள்ள எதையோ தள்றதுக்கும் வெளிய இழுக்கறதுக்கும் வெச்சிருக்காங்க."

"துரை அதுல பைல் வெப்பார்."

"பைலு வட்டமாவா சார் இருக்கும்?"

தச்சர் நாற்காலியை நிமிர்த்தி, இருக்கைப் பலகையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். கறுப்புப் பூச்சுக்கு அடியில் ஆணித் தலை தெரிந்தது. நாலு மூலையிலும் நாலு. குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் உள்ளங்கையில் போட்டார்.

"இது தச்சன் அடிச்ச ஆணி இல்ல. நாலும் கோணல் பாருங்க தம்பி. யாரோ வீட்டு ஆளு, அவசர அவசரமா, சத்தம் கேக்கக் கூடாதுன்னு அடிச்சிருக்காரு."

பலகைக்குப் பின்பக்கம் கீல் இருந்தது. தச்சர் தூக்கினார். கீச்சென்று ஒரு சத்தத்துடன் அது திறந்தது. உள்ளே, நட்ட நடுவில், அழகான வட்ட ஓட்டை. அதன் விளிம்பு வழவழவென்று மின்னியது.

"நல்லாப் புழங்கின சாமான்" என்றார் தச்சர் மரியாதையாக. "சார், இது கமோடு சேர்."

கட்டிலிலிருந்து ஒரு ஓசை வந்தது. பெரியம்மா அழுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த உடம்பில் அவ்வளவு தண்ணீர் மிச்சம் இருந்ததே ஆச்சரியம்.

"நாற்பத்தோரு வருஷம்! எண்ணெய் போட்டுத் துடைச்சேனே! ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சுடும்."

தச்சருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பெரிய பங்களாவுல எல்லாம் இது இருக்கும்மா. உள்ள ஒரு பீங்கான் சட்டி. காலையில அதை எடுத்துட்டுப் போய்க் கொட்டி, கழுவி வெக்கறதுக்குன்னே ஒரு ஆள் இருப்பாரு. துரைமாருங்க ஊருக்குப் போறப்ப இதையெல்லாம் கப்பல்ல ஏத்த மாட்டாங்க. அந்த ஆளுக்கே கொடுத்துட்டுப் போயிடுவாங்க." சொல்லிவிட்டு, எந்த விஷமமும் இல்லாமல், பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "உங்க தாத்தா துரைகிட்ட என்ன வேலை பாத்தாருன்னு சொன்னீங்க சார்?"

மூன்றாம் பக்கத்தில் அது தெளிவாக இருந்தது. பெரியப்பா அதை மேற்கோள் காட்டவில்லை.

பெரியம்மாவின் சிரிப்பு அடங்கியிருந்தது. "அவர் என்ன தப்பு பண்ணினார்?" என்றார். "இருபது வருஷம் ஒருத்தனோடதைச் சுமந்திருக்கார். பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம்னு மூடி ஆணி அடிச்சுட்டு, உங்க அப்பாவைப் படிக்க வெச்சார். அவர் பண்ணின நல்ல காரியத்துலேயே அதான் பெருசு. இதுல தலை குனிய என்ன இருக்கு?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "தச்சரே, அதை இப்படிக் கட்டில் பக்கத்துல நகர்த்துங்க. அடியில ஒரு வாளியை வைங்க. போதும்."

"தாராளமா வெக்கலாம்மா. அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு. அரைமணி நேர வேலை."

"மூடுங்க" என்றார் பெரியப்பா.

"சார்?"

"பலகையை மூடி ஆணி அடிங்க. நாலு வேணாம். எட்டு அடிங்க. பசையும் போடுங்க."

"அம்மாவுக்கு இடுப்பு..."

"உங்களைப் பாலிஷ் போடத்தான் கூப்பிட்டேன்."

தச்சர் என்னைப் பார்த்தார். நான் உள்ளங்கையில் இருந்த ஆணிகளைப் பார்த்தேன். அவர் சாக்குப்பையிலிருந்து புது ஆணிகளை எடுத்தார். அவர் அடித்த எட்டும் நேராக இறங்கின. தொழில் தெரிந்தவர். அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் பெரியம்மா கண்ணை மூடித் திறந்தார். முடிந்ததும், "அந்தப் பழைய ஆணியை இங்க கொண்டா" என்று என்னிடம் வாங்கி, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் அக்கா வந்தபோது புது வார்னிஷ் நாற்றம் மூக்கைத் துளைத்தது. "என்னம்மா, கல்யாண வீடு மாதிரி மணக்குது?" என்றார். "மாப்பிள்ளை அங்க மேடையில உக்காந்திருக்கார். குளிச்சு முடிச்சாச்சு. இனிமே என்னைக் கவனி" என்றார் பெரியம்மா.

மறுநாள் புதன். ஐந்து மணிக்குப் பெரியப்பா வழக்கம்போல நடைக்குப் போனார். ஒரு மணி நேரம் நடப்பார். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார்.

"டேய். குறடு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். சமையலறை அலமாரிக்குக் கீழே, இரண்டாவது இழுப்பறை.

"எடுத்துட்டு வா. எட்டு ஆணிதானே. பசை இன்னும் முழுசா இறுகியிருக்காது. அவர் வர்றதுக்குள்ள ஒரே ஒரு தடவை நானே போயிட்டு வந்துடறேன். அப்புறம் திருப்பி அடிச்சுடு. கோணலா அடிச்சாலும் பரவாயில்லை. உன் பரம்பரையே அப்படித்தான்."

குறடை எடுத்துக்கொண்டு வந்தேன். மேடையில் ஏறி முழங்காலிட்டேன். வார்னிஷ் கண்ணாடி மாதிரி இருந்தது. என் முகம் அதில் தெரிந்தது. முதல் ஆணியின் தலையில் குறட்டின் வாயை வைத்தால் ஒரு கீறலாவது விழும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து பார்ப்பார்கள். பெரியப்பா பார்ப்பார். யார் செய்தது என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. மாடி அறை, சாப்பாடு, இன்னும் மூன்று செமஸ்டர். இதையெல்லாம் யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"பெரியம்மா, ஞாயித்துக்கிழமை முடியட்டும். அன்னிக்கு சாயங்காலம் புதுசே வந்துடுது. வராட்டி நானே பிரிச்சுத் தர்றேன். சத்தியமா."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கோபம் இல்லை. கடையில் கொடுத்த பழத்தை வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

"சரி. குறடை எடுத்த இடத்துல வை" என்றார். "நீயும் நாற்காலிக்காரன்தாண்டா."

ஞாயிறு வந்தது. காலையிலேயே கட்டிலைப் பிரித்தோம். பெரியம்மாவைச் சமையலறைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில், அரிசி டின்களுக்கும் பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கும் நடுவே பாய் விரித்த பெஞ்சில் படுக்க வைத்தோம். "ஒரு மணி நேரம்தான்" என்றார் பெரியப்பா. காலையில் அக்கா வரவில்லை. அவர் பிள்ளைக்குக் காய்ச்சல். "ஏதாவது அவசரம்னா டம்ளரால சுவத்துல தட்டுங்க பெரியம்மா" என்றேன். நான் ஏற்படுத்திக் கொடுத்த ஒரே வசதி அதுதான்.

பதினொன்றரைக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒன்றேகாலுக்கு வந்தார்கள். செயலாளர் கனமான மனிதர், நல்ல சிரிப்பு. கூட ஒரு புகைப்படக்காரர். பெரியப்பா வரலாற்றைச் சொன்னார். தச்சர் வந்துபோன பிறகு முதல் தடவையாகச் சொல்கிறார், எங்காவது தடுமாறுவார் என்று எதிர்பார்த்தேன். தடுமாறவில்லை. துரையின் கண்ணீர் இப்போது இரண்டு சொட்டாகியிருந்தது.

"இருக்கை ஏன் இவ்வளவு உயரம்?" என்று செயலாளர் கேட்டார்.

"மரியாதைக்குரியவங்களுக்கு அந்தக் காலத்துல அப்படித்தான் செய்வாங்க."

டக், டக் என்று சத்தம் கேட்டது. நான் டீ தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். நாலு கோப்பை. ஒன்றில் சர்க்கரை கிடையாது.

"என்ன சத்தம்?" என்றார் செயலாளர்.

"எலி" என்றார் பெரியப்பா.

"பழைய வீடுன்னா இருக்கத்தான் செய்யும். எங்க வீட்டுலயும் தொல்லை தாங்கலை. மருந்து வெச்சாலும் சாப்பிட மாட்டேங்குது."

டக், டக், டக். பெரியப்பா குரலை உயர்த்தி எட்டாம் பக்கத்துக்குப் போனார். புகைப்படக்காரர் வெறும் நாற்காலியை ஏழெட்டுப் படம் எடுத்துவிட்டு, "ஆள் இல்லாம உயிரே இல்லையே சார். வாரிசு உக்காந்தா நல்லா இருக்கும்" என்றார். பெரியப்பா கூச்சப்பட்டார். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை கேட்டபோது கயிற்றை அவிழ்த்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, உட்கார்ந்தார். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். முதுகு நிமிர்ந்து, இரண்டு கையும் இரண்டு சிங்கத்தின் மேலும், பார்வை எங்கோ தூரத்தில். அந்த நாற்காலியில் உட்காருகிற யாருக்கும் முகம் கொஞ்சம் அப்படித்தான் இருந்திருக்கும்.

"தம்பி, அந்தத் தட்டைக் கீழ வெச்சுட்டு இந்த லைட்டைக் கொஞ்சம் பிடிங்க" என்றார் புகைப்படக்காரர். பிடித்தேன். தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. நல்லவேளை, சமாளித்துக்கொண்டார் போல என்று நினைத்தேன். அப்படி நினைப்பதுதான் அந்த நேரத்தில் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது.

அவர்கள் போகும்போது மணி இரண்டரை. ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தேன். பெரியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். டம்ளர் தரையில் கிடந்தது. பாய் நனைந்திருந்தது. பெஞ்சின் கால் வழியாக இறங்கிப் பழைய செய்தித்தாள் கட்டு வரைக்கும் வந்திருந்தது. நிறையவெல்லாம் இல்லை. குடித்தால்தானே.

"பெரியம்மா..."

அவர் திரும்பவில்லை.

"படம் நல்லா வந்துச்சா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் கமோடு நாற்காலி வந்தது. சொன்ன நேரத்துக்குச் சரியாகக் கொண்டுவந்துவிட்டார்கள். மடக்கக்கூடியது, நீலக் கலர், பிளாஸ்டிக் உறையோடு. பெரியம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. திங்கள் காலை பேச்சு குழறியது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சிறுநீரில் கிருமி தொற்றி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். குழாய் போட்டுவிட்டார்கள். இனிமேல் அவர் எங்கேயும் எழுந்து போக வேண்டிய தேவையே இல்லை.

"இவ்வளவு வறண்டு போயிருக்காங்களே. தண்ணி குடிக்க மாட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே தண்ணி குடிக்கற பழக்கம் கம்மி டாக்டர்" என்றார் பெரியப்பா.

அவர் பொய் சொல்லவில்லை. சொல்லி முடித்த நேரத்தில் அதை நம்பிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பெரியம்மா போய்விட்டார். நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையில் அவருடைய சாமான்களைக் கொடுத்தார். சீப்பு, துண்டு, மூக்குக் கண்ணாடிக் கூடு. கூட்டைத் திறந்து சரிபார்த்த நர்ஸ் நிமிர்ந்தார்.

"இது என்ன, ஆணியா? பேஷன்ட்கிட்ட இது எதுக்கு?"

"குடும்பச் சொத்து" என்றேன்.

அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு பையைக் கொடுத்தார்.

கண்காட்சி அடுத்த மாதம் நடந்தது. பெரியப்பா உட்கார்ந்திருக்கிற படத்தைப் பெரிதாக்கி நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் சிங்கத்தின் மூக்கைத் தொட்டுவிட்டுப் போனார்கள். நாற்காலி சான்றிதழோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஹாலில் மறுபடி மேடை ஏறியது. அதற்கு எதிரே, இன்னும் உறை பிரிக்காமல், நீல நாற்காலி நின்றது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். வருகிறவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

ஒரு நாள் காலை பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். கண்கள் வீங்கியிருந்தன. அவர் அழாமல் இல்லை. தினமும் அழுதார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"வரலாற்றுல ஒரு பக்கம் சேக்கணும். அவளைப் பத்தி. நாற்பத்தோரு வருஷம் பாதுகாத்தாளே, ஒரு வரிகூட இல்லாம இருந்தா நல்லா இருக்காது. நீதான் அழகா எழுதுவியே."

பன்னிரண்டாம் பக்கத்தை அடித்தேன். நாற்பத்தோரு வருஷம் வாரம் தவறாமல் துடைத்தது, எண்ணெய் போட்டது, சிங்கத்தின் பல்லிடுக்கு, எல்லாம் வந்தது. எட்டு ஆணி வரவில்லை. கடைசிப் பத்திக்கு வந்தபோது விரல் கொஞ்சம் நின்றது. பிறகு இப்படி முடித்தேன்: 'இறுதி நாட்களில் இடுப்பு முறிந்து, ஹாலில் இந்த நாற்காலிக்கு அருகிலேயே படுத்திருந்தார். அப்போதும் அவர் இதில் உட்காரவில்லை.'

ஒரு வார்த்தை பொய்யில்லை. படிக்கிற யாராவது ஒருத்தர், ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன். என் தைரியம் அந்த அளவுக்குத்தான் வந்தது.

பெரியப்பா கண்ணாடியை ஏற்றி இறக்கி, இரண்டு தடவை படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இது மொட்டையா இருக்கு. 'உட்காரவில்லை'ன்னு போட்டா படிக்கறவங்க தப்பா எடுத்துக்குவாங்க. 'உட்கார விரும்பவில்லை'ன்னு போடு." கொஞ்ச நேரம் யோசித்தார். "அவளுக்கு மரியாதை ஜாஸ்தி. என்கிட்டயே சொல்லியிருக்கா."

மாற்றினேன். ஒரு பிரதி எடுத்து, லாமினேட் செய்யக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.